சொம்பில் வெட்டிய பெயர்

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு எவர்சில்வர் சொம்பு இருக்கிறது. கழுத்துக்குக் கீழே அம்மாவின் பெயர், அதற்கடுத்த வரியில் 1984. பாத்திரக் கடையில் பில் போட்டு முடித்ததும் ‘பேர் வெட்டணுமா?’ என்று கேட்பார்களே, அப்படி வெட்டியது. சீர்வரிசையில் வந்ததோ, மொய்யாக வந்ததோ, பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு இரவல் போன பாத்திரம் வீடு திரும்ப அந்தப் பெயர்தான் விலாசம். முதலில் சாம்பலும் தேங்காய் நாரும், பிறகு சபீனாவும் இத்தனை வருஷம் தேய்த்தும் அழியவில்லை.

உருக்கின் மேல் வீட்டிலேயே எதையாவது செதுக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தபோது நான் முதலில் எடுத்துப் பார்த்தது அந்தச் சொம்பைத்தான். கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் வழியாகப் பார்த்தால் எழுத்துகள் கோடாக இல்லை; புள்ளிகளின் வரிசை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்னக் குழி. குழியைச் சுற்றி, சேற்றில் கல் விழுந்தாற்போல, ஒரு கரை எழும்பியிருக்கிறது.

பேர் வெட்டும் மிஷினுக்குள் இருப்பது ஒரு மின்காந்தம். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறிச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இரண்டு தடவை உச்சத்தைத் தொடுவதால், காந்தம் நொடிக்கு 100 தடவை இழுத்து விடுகிறது. அதன் முனையிலுள்ள ஊசி நிமிடத்துக்கு 6,000 அடி அடிக்கிறது. அந்த ‘ட்ர்ர்ர்’ சத்தம் இதுதான். அப்படியானால் புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை வைத்து வெட்டியவரின் கை எவ்வளவு வேகத்தில் ஓடியது என்று சொல்லிவிடலாம். புள்ளிக்குப் புள்ளி அரை மில்லிமீட்டர் என்றால் கை நொடிக்கு 5 சென்டிமீட்டர் ஓடியிருக்கிறது. அம்மா பெயரின் முதல் எழுத்தில் புள்ளிகள் நெருங்கிக் கிடக்கின்றன.

இந்தச் சொம்பிலிருந்து உலோகம் ஏறக்குறைய எதுவுமே வெளியேறவில்லை. நசுங்கி ஒதுங்கியிருக்கிறது, அவ்வளவே. உருக்கில் குறி வைக்க இது ஒரு வழி. உளியால் சீவி எடுப்பது இரண்டாவது வழி, கரைத்து எடுப்பது மூன்றாவது. மூன்றையுமே சில நூறு ரூபாய்ச் செலவில் வீட்டு மேஜையில் தொடங்க முடியும். நான் அப்படித் தொடங்கவில்லை. நூறு முனைகளோடு பெட்டியில் வரும் சுழல்கருவி ஒன்றை வாங்கினேன். அந்த நூறில் எனக்குப் பயன்பட்டவை நாலு. அந்தப் பணத்தில் நல்ல சாணைக்கல் ஒன்று வாங்கியிருக்க வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது.

ஏன் சாணைக்கல் என்பதற்குக் கொஞ்சம் கடினத்தன்மையைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஒரு வைரக் கூர்முனையைக் குறிப்பிட்ட எடையில் உலோகத்தின் மேல் அழுத்தி, விழுந்த பள்ளத்தை அளந்து கணக்கிடும் எண்ணுக்கு விக்கர்ஸ் எண் என்று பெயர். கிரில் பட்டறையில் கம்பிக் கதவு செய்யும் எம்.எஸ். இரும்புக்கு அது ஏறத்தாழ 120 முதல் 150. எவர்சில்வர் தகடு 150 முதல் 200 வரை. நல்ல கத்தி அலகு 600க்கு மேல். லேத்தில் உலோகம் கடையப் பயன்படும் எச்.எஸ்.எஸ். உருக்கு 800ஐத் தாண்டும், டங்ஸ்டன் கார்பைடு 1,400ஐத் தாண்டும். சீவும் பொருள் சீவப்படும் பொருளைவிடப் பல மடங்கு கெட்டியாக இருந்தால்தான் வேலை நடக்கும். கையில் இருக்கும் இரும்பு எவ்வளவு கெட்டி என்று அறிய ஆய்வகம் வேண்டாம், ஒரு பழைய அரம் போதும். அரம் பிடித்துத் தேய்த்தால் உளியும் அதைச் சீவும். அரம் கண்ணாடி மேல் போவதுபோல வழுக்கினால் அந்தத் துண்டை ஒதுக்கி வைத்துவிடலாம்.

எண்களைப் பார்த்தால் எம்.எஸ். இரும்புக்கும் எவர்சில்வருக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததுபோலத் தோன்றும். உளியை வைத்துப் பார்த்தால்தான் எவர்சில்வரின் வஞ்சகம் தெரியும். அதற்குள் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம் அழுத்தம் பட்டால் மாறிவிடக்கூடியது. உளி சீவாமல் மேலே தேய்த்துக்கொண்டு போனால், தேய்ந்த இடம் வேறு அடுக்குக்கு மாறி முன்பைவிடக் கெட்டியாகிவிடும். மறுபடி முயன்றால் இன்னும் கெட்டி. தயங்கித் தயங்கி வெட்டுகிறவனுக்கு அது இடமே கொடுக்காது. இந்த மாற்றத்தை வீட்டிலேயே பார்க்கலாம். காந்தம் ஒட்டாத எவர்சில்வர் தம்ளர் ஒன்றை எடுத்து, நல்ல காந்தத்தை அதன் சுவரில் வையுங்கள். பிறகு அடிப்பக்க வளைவிலோ மடித்த விளிம்பிலோ வையுங்கள். அச்சில் அழுத்தி வளைத்த இடங்களில் பெரும்பாலும் லேசாக ஒட்டும். புதிதாக உண்டான அந்த அடுக்கு காந்தத்துக்கு இழுபடக்கூடியது. அதனால் முதல் பாடத்துக்கு எவர்சில்வர் வேண்டாம். கிரில் பட்டறையில் வெட்டி மிஞ்சிய எம்.எஸ். பட்டைத் துண்டு போதும். கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். மேலே படிந்திருக்கும் கருஞ்செதிலை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டால் வெள்ளையான பரப்பு கிடைக்கும்.

மெத்தென்றிருக்கும் போதே செதுக்கிவிட்டுப் பிறகு கெட்டியாக்குவது என்ற யோசனையைப் பெருந்தொழிலாக்கியவர் ஜேக்கப் பெர்கின்ஸ் என்ற அமெரிக்கர். உருக்குத் தகட்டை மெதுவாக்கி, அதில் படம் செதுக்கி, பிறகு கடினமாக்குவார். அந்தக் கடின அச்சின் மேல் மெதுவான உருக்கு உருளை ஒன்றை அழுத்தி உருட்டினால் படம் உருளைக்கு ஏறும். உருளையையும் கடினமாக்கி, இன்னொரு மெதுவான தகட்டில் வேண்டிய மட்டும் உருட்டலாம். ஒரே ஒரு செதுக்கலிலிருந்து அச்சுப் பிசகாத பல படிகள். கள்ள நோட்டை ஒழிக்கவென்று 1819இல் இந்த வித்தையோடு அவர் லண்டனுக்குக் கப்பலேறினார். 1840இல் வெளிவந்த உலகின் முதல் அஞ்சல்தலையான பென்னி பிளாக் இந்த முறையில்தான் அச்சானது. விக்டோரியா அரசியின் முகத்தை ஒருமுறை செதுக்கி, ஒரு தகட்டில் 240 தடவை பதித்தார்கள். நமக்கு இதில் உள்ள பாடம் சின்னது: கெட்டியான துண்டுதான் கையில் இருக்கிறதென்றால், அதைக் கரியடுப்பில் செந்தணல் நிறம் வரக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து இரவெல்லாம் மெல்ல ஆற விட்டால் மறுநாள் அரத்துக்குப் பணியும்.

இனி உளி. செதுக்கலுக்கென்றே செய்து விற்கும் உளிகள் உண்டு. காற்றழுத்தத்தில் ஓடும் கருவிகளும் உண்டு, விலையைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடலாம். லேத் பட்டறையில் தேய்ந்து குட்டையாகிப்போன எச்.எஸ்.எஸ். டூல் பிட் கேட்டு வாங்கினால் அதுவே உளி. மூன்று நாலு மில்லிமீட்டர் சதுரக் கம்பியாக இருந்தால் நல்லது. உடைந்த டிரில் பிட்டும் ஆகும். கைப்பிடிக்கு நான் ஒரு பழைய பம்பரத்தை எடுத்தேன். ஆணியைப் பிடுங்கிவிட்டு அந்தத் துளையைப் பெரிதாக்கி உளியைச் செருகினால் பம்பரத்தின் பருத்த தலை உள்ளங்கைக் குழியில் அப்படியே உட்காருகிறது. செதுக்குகிறவர்களின் உளிப்பிடியும் ஏறத்தாழ இந்த வடிவம்தான்.

முனையைத் தீட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. முன்முகத்தை உளியின் நீளத்துக்கு 50 பாகை சாய்வாகத் தீட்ட வேண்டும். பித்தளைக்கும் வெள்ளிக்கும் 45 போதும். உருக்குக்கு அத்தனை கூர் வைத்தால் முனை பொறிந்துவிடும். அடிப்பக்கத்தில், முனைக்கு அருகில் மட்டும், 15 முதல் 20 பாகையில் இரண்டு சின்னப் பட்டைகள். அவைதான் உளியின் குதிகால். குதிகால் இல்லாத உளி உலோகத்துக்குள் தலைகுப்புறப் புதைந்துகொள்ளும். குதிகால் அதிகமானால் கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், வழுக்கும். மரக்கட்டையை அந்தச் சாய்வில் அறுத்து உளியை அதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கல்லில் இழைத்தால் கோணம் பிசகாது. முதலில் சொரசொரப்புக் கல், கடைசியில் 1,200 நம்பர் கல். கூராகிவிட்டதா என்று பார்க்கக் கட்டைவிரல் நகத்தின் மேல் உளி முனையை எடை கொடுக்காமல் சாய்த்து வையுங்கள். கூரான முனை நகத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும், மழுங்கியது வழுக்கும். லென்ஸில் பார்த்தால் மழுங்கிய முனை வெளிச்சத்தில் ஒரு வெள்ளைப் பொட்டாக மின்னும். கூர்முனையில் ஒளி திரும்ப இடமே இருக்காது.

சாணைச் சக்கரத்தில் தீட்டுகிறவர்களுக்கு ஒன்று. சாதாரணக் கார்பன் உருக்கு உளியின் முனை நீலம் பாய்ந்தால் அது 300 பாகை செல்சியஸை ஒட்டிச் சூடேறிவிட்டது, கெட்டித்தன்மை போய்விட்டது என்று அர்த்தம். எச்.எஸ்.எஸ். 600 பாகை வரை தாங்கும். புதியவர் கைக்கு எச்.எஸ்.எஸ். நல்லது என்பதற்கு அதுவே போதுமான காரணம்.

தகட்டைப் பிடித்து நிறுத்துவதும் செலவில்லாத காரியம். பொற்கொல்லர்கள் வேலைத் துண்டை அரக்கில் பதித்து வைப்பார்கள். அரக்கைச் செங்கல் தூளோடு உருக்கி மரக்கட்டை மேல் ஊற்றி, சூடாக இருக்கும்போதே தகட்டை அழுத்திவிட்டால் ஆறியதும் அசையாது. வேலை முடிந்ததும் சூடு காட்டினால் விட்டுவிடும். அந்தக் கட்டையை ஒரு மணல் பையின் மேல் வைக்க வேண்டும். பழைய ஜீன்ஸ் துணியில் நெருக்கமாகத் தைத்து மணலடைத்த பை. பை எதற்கென்றால், வளைவு வெட்டும்போது திரும்ப வேண்டியது உளி பிடித்த கை இல்லை, தகடுதான். வலக்கை உளியை நேராகத் தள்ளிக்கொண்டே இருக்க, இடக்கை தகட்டை உளிக்கு எதிராகச் சுழற்றும். தமிழில் எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு இது சோதனை. ஓலையில் எழுத்தாணி ஓட்டி வளர்ந்த எழுத்து; நேர்கோடு குறைவு, சுழி அதிகம். ஒரு ‘இ’ வெட்டி முடிப்பதற்குள் தகடு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் முதல் இரண்டு வாரம் எழுத்துப் பக்கமே போகவில்லை. இணைகோடுகள், பிறகு சிக்குக் கோலம். புள்ளி வைத்து அதைச் சுற்றிக் கம்பி இழுக்கும் கோலத்தைவிட வளைவுக்கு நல்ல பயிற்சி எதுவும் எனக்குத் தெரியவில்லை. தகட்டில் வெள்ளை போஸ்டர் கலரை மெல்லிசாகப் பூசிக் காயவிட்டால் மேலே பென்சிலால் வரையலாம்.

கையால் தள்ளி வெட்ட உருக்கு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். உளியின் பின்தலையில் ஐம்பது நூறு கிராம் சுத்தியால் தட்டித் தட்டி நகர்த்துவது சுலபம். பம்பரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நீளமான உளியைப் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மயிரிழை நகர வேண்டும், அவ்வளவுதான். சரியாக வெட்டினால் இழைப்புளியில் மரச்சுருள் வருவதுபோல உருக்கு சுருண்டு வரும், பளபளவென்று. கோடு முடியும் இடத்தில் உளியை நெம்பினால் முனை ஒடியும். ஒடிந்த துணுக்கு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே கண்ணாடி போடாமல் தட்டக் கூடாது. மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறேனே என்றால், பக்கவாட்டில் மறைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இடக்கை விரல் ஒருபோதும் உளிக்கு முன்னால் போகக் கூடாது. என் இடக்கைச் சுட்டுவிரலில் இரண்டு தழும்பு இருக்கிறது.

சுழல்கருவி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்பைடு முனை உருக்குக்கு ஏற்றது. வைரத் துகள் ஒட்டிய முனை மலிவாகக் கிடைக்கும், ஆனால் வைரம் என்பது கார்பன். சூடான இரும்புக்கு கார்பனைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும் குணம் உண்டு. வேகமாக ஓட்டினால் உலகிலேயே கெட்டியான பொருள் மெதுவான இரும்பில் தேய்ந்து போகும். வேகத்தைக் குறைத்துத் தண்ணீர் தொட்டுக்கொண்டு ஓட்டினால் நீடிக்கும். அதில் வரும் கோடு நடுங்கும், உளிக்கோட்டின் பளபளப்பு இருக்காது. லேசர் வேண்டுமென்றால் உருக்கைப் பள்ளமாக்கும் ஃபைபர் லேசர் இந்தக் கட்டுரையின் பட்ஜெட்டுக்குள் வராது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழிதான். அங்கே கெட்டி, மெது என்ற பேச்சே கிடையாது. தேவையானவை ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு கம்பி, காது குடையும் பஞ்சுக்குச்சி, உப்புத் தண்ணீர். எழுத வேண்டிய இடத்தைச் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிக் காயவைத்து, நகப்பூச்சு தடவுங்கள். காய்ந்ததும் ஊசியால் கீறி எழுதினால் எழுத்துள்ள இடத்தில் மட்டும் உலோகம் வெளியே தெரியும். வினைல் ஸ்டிக்கரை வெட்டியும் ஒட்டலாம். பேட்டரியின் நேர்முனை இரும்புக்கு, எதிர்முனை உப்புநீரில் நனைத்த பஞ்சுக்கு. பஞ்சு எழுத்தைத் தொட்டதும் சீறும், நுரைக்கும், பழுப்பும் கரும்பச்சையுமாக நிறம் மாறும். பத்து நொடிக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்துப் புதுப் பஞ்சு மாற்ற வேண்டும்.

நடப்பது இதுதான். நேர்முனையில் உள்ள இரும்பு அணு ஒவ்வொன்றும் இரண்டு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகத் தண்ணீரில் இறங்குகிறது. பஞ்சுப் பக்கம் தண்ணீர் சிதைந்து ஹைட்ரஜன் குமிழியாகிறது. கம்பிகளை மாற்றி இணைத்தால் குமிழி மட்டும் வரும், எழுத்து வராது. எவ்வளவு கரையும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். கரையும் எடை ஓடிய மின்சாரத்தின் அளவைப் பொறுத்தது என்று 1830களில் மைக்கேல் ஃபாரடே கண்ட விதி அதற்கு வழி செய்கிறது. ஒரு ஆம்பியர் ஒரு நிமிடம் ஓடினால் சுமார் 17 மில்லிகிராம் இரும்பு கரையும். வெளியே தெரியும் எழுத்தின் மொத்தப் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர் என்றால் ஆழம் 0.02 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நம் பேட்டரி அரை ஆம்பியர் கொடுத்தாலே பெரிது. அதனால் ஏழெட்டு நிமிடம் பொறுத்தால் ஒரு தலைமயிரின் கனத்துக்குப் பள்ளம் விழும். விரல் நகத்தில் உணர அது போதும். ஆக்சா பிளேடானாலும் ஸ்பானரானாலும் கதவு ஆணியானாலும் ஒரே கணக்குதான், ஏனென்றால் மின்சாரம் அணுவை ஒவ்வொன்றாக உருவுகிறது.

ஃபாரடே கொல்லர் வீட்டுப் பிள்ளை. மின்சாரத்துக்கு வருமுன் அவர் மண்டையை உடைத்துக்கொண்டது நம் ஊர் உருக்கோடு. தென்னிந்தியாவிலிருந்து போன ‘ஊட்ஸ்’ உருக்கை ஆராய்ந்து 1819இல் கட்டுரை எழுதினார். பிறகு ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்பவரோடு சேர்ந்து அதைப்போல ஒன்றை உருவாக்க முயன்றார். ஊட்ஸ் என்ற பெயருக்குக் கன்னட ‘உக்கு’ மூலம் என்பார்கள். நம் ‘உருக்கு’ம் அதே குடும்பம். அந்த உருக்கில் அடித்த வாளின் அலைகோலம் வெறுமனே தீட்டினால் தெளிவாகத் தெரியாது. அமிலம் தடவினால், கார்பன் செறிந்த கெட்டியான இழைகள் தாக்குப்பிடிக்க, சுற்றியுள்ள இரும்பு கரைந்து, வரி வரியாக வெளிப்படும். அமிலத்தின் இந்த வேலையை ஐரோப்பாவில் கவசம் அலங்கரிப்பவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். ஆக்ஸ்பர்க் நகரத்து டானியல் ஹோப்ஃபர் கவசத்துக்குச் செய்ததையே இரும்புத் தகட்டுக்குச் செய்து மை தடவித் தாளில் அச்செடுத்தார். ஆல்பிரெக்ட் டியூரரும் 1515 முதல் 1518 வரை இரும்புத் தகட்டில் சில படங்கள் அரித்தார். சில பிரதிகளில் தகட்டின் துருப் புள்ளிகளும் சேர்ந்தே அச்சாகியிருக்கின்றன.

பேட்டரி இல்லாமலும் அரிக்கலாம். உரக்கடையில் போர்டோ கலவைக்கு விற்கும் மயில்துத்தத்தோடு சமையல் உப்பைக் கரைத்து எம்.எஸ். தகட்டின் மேல் ஊற்றினால், இரும்பு கரைந்து அந்த இடத்தில் தாமிரம் செம்பழுப்புச் சகதியாகப் படியும். சகதியைத் தூரிகையால் அவ்வப்போது தள்ளிவிட வேண்டும். மீனுக்கு விஷம் என்பதால் அந்தத் தண்ணீரைக் கால்வாயில் கொட்டக் கூடாது.

எவர்சில்வரை மட்டும் மின்சாரத்திடம் கொடுக்காதீர்கள். 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய்க்கு உருக்குத் தேடியபோது, நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக அமிலம் தடவிய ஒரு மாதிரி அரிபடவே மறுத்தது. அதிலிருந்த குரோமியம்தான் காரணம். காற்றுப் பட்டதும் சில நானோமீட்டர் கனத்தில் ஒரு ஆக்சைடு தோல் போர்த்திக்கொள்கிறது. பாத்திரம் துருப்பிடிக்காததும் அதனால்தான். அந்தத் தோலை மின்சாரத்தால் உடைத்துக் கரைத்தால் உப்புநீரில் குரோமியமும் இறங்கும். மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தாத வீட்டு ஏற்பாட்டில் அதில் ஒரு பங்கு புற்றுநோய் தரும் ஆறிணைதிற வடிவில் வரலாம். எவர்சில்வருக்கு ஊசி மிஷினே பாதுகாப்பு. எம்.எஸ். இரும்பென்றாலும் ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுக்கொண்டு, பேட்டரியில் மட்டும் செய்யுங்கள். சுவர் பிளக்கிலிருந்து நேராகக் கம்பி இழுப்பவருக்கு இந்தக் கட்டுரையால் உதவ முடியாது. முடிந்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய். இல்லாவிட்டால் மறுநாள் காலை எழுத்தில் துரு பூத்திருக்கும்.

ஆறு மாதத்தில் என் மேஜையில் ஒரு டஜன் எம்.எஸ். துண்டுகள் சேர்ந்துவிட்டன. பாதி கோலம், மீதி கோணல் எழுத்து. போன வாரம் சொம்பை மறுபடி எடுத்து லென்ஸில் பார்த்தேன். முதல் எழுத்தில் நெருக்கமாக ஆரம்பித்த புள்ளிகள் போகப் போக விலகுகின்றன. 1984இல் வரும் 4க்கு ஒரு கோட்டுக்கு ஏழெட்டுப் புள்ளிதான். ‘அன்னிக்கு ஆடித் தள்ளுபடி, கடையில கூட்டமான கூட்டம்’ என்றார் அம்மா.